அக்காவின் பதினோரு நோட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போகிற நேரம் பார்த்துத்தான் நாங்கள் கூடுகிறோம். கரண்ட் இருக்கும்போது ரங்கூனில் யாருக்கும் கதை கேட்க நேரம் இருக்காது. தண்ணீர் மோட்டார் போடணும், சோறு வைக்கணும், துணி தேய்க்கணும், இருக்கிற போனையெல்லாம் சார்ஜில் போடணும். அது போன பிறகுதான் ஆளுக்கொரு விசிறியோடு வருவார்கள். எங்கள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், கீழே நின்று அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நான் சாவியை அதே கயிற்றில் மாட்டி இறக்கிவிடுவேன். இந்த ஊர் மாடி வீடுகளில் எல்லாருக்கும் இதுதான் காலிங் பெல்.

ஏழு பேர். குழுவுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைக்கு வர்றீங்கள்ல?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். முதலில் டீக்கடையில்தான் உட்கார்ந்தோம், குட்டி ஸ்டூலைப் போட்டு, லபெயே சொல்லிவிட்டு, வெறும் டீயைக் கெட்டில் கெட்டிலாகக் குடித்துக்கொண்டு. ஆனால் அங்கே ஒருவர் வாசிக்கும்போது பக்கத்து மேசையில் பையனைக் கூப்பிடுகிற சத்தம், டிவியில் கால்பந்து, கவிதையின் முக்கால்வாசி காணாமல் போய்விடும். அதனால் வீட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.

எங்களில் ஒருவரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. 1960களில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எல்லாப் படிப்பும் பர்மிய மொழியில்தான். எங்களுக்குத் தமிழ் கிடைத்தது வீட்டிலும் கோயிலிலும், அப்புறம் சினிமாப் பாட்டிலும். ஆளுக்கு இரண்டு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, அம்மா கூப்பிடுவது ஒன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஏழு பேர் எழுதினால் என்ன வரும் என்பதைத்தான் சில வருஷங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதைப் பற்றி ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அக்காவைச் சொல்ல வேண்டும். தாக்கேட்டா பக்கம் காலையில் இட்லி, தோசைக் கடை போடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைத்தால் பத்து மணிக்குக் கடை முடியும். பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அடுத்த நாளுக்கான அரிசி ஊறப்போடும் வரைக்கும் உள்ள இரண்டு மணி நேரம் அவருடையது. அந்த நேரத்தில் எழுதுகிறார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மெல்லிய நோட்டு, நீல மை பேனா. அட்டையில் எண்ணெய் விரல். ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் மஞ்சள் பட்ட கட்டைவிரல் ரேகை அப்படியே அச்சு மாதிரி இருக்கிறது.

அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவது அப்படி ஒரு தமிழ், பெகு பக்கத்து வயல்காட்டுத் தமிழ், கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் படித்ததெல்லாம் பர்மியம். அதனால் தமிழ்க் கதையைப் பர்மிய எழுத்தில் எழுதுகிறார். முதல்நாள் நோட்டை என்னிடம் கொடுத்தபோது பர்மியக் கதை என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தேன், ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாய்விட்டு வாசித்துப் பாருங்க என்றார். வாசித்தேன். இரண்டாவது வரியில் தொண்டை அடைத்துக்கொண்டது. "மாடு வித்த அன்னைக்கு அப்பா சாப்பிடல, மாடும் சாப்பிட்டிருக்காதுன்னு சொன்னார்." அந்த வட்ட வட்ட எழுத்துக்குள்ளிருந்து இந்த வரி என் வாயாலேயே எனக்குக் கேட்டது.

அந்த நோட்டுகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுதுவது இப்போது என் வேலை. வாரநாட்களில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிறு காலையில் கோயிலில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன், ராத்திரியில் அக்காவின் நோட்டு. இதைச் செய்யச் செய்யத்தான் தமிழை நானே புதிதாகக் கேட்க ஆரம்பித்தேன். நமக்குக் 'க' ஒன்றுதான். பர்மியத்தில் அழுத்திச் சொல்லும் க வேறு, மெலிந்து வரும் க வேறு, இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அக்கா 'கடல்' என்பதற்கு ஒரு க போடுவார், 'தங்கம்' என்பதற்கு இன்னொரு க போடுவார். காதில் விழுந்தபடி எழுதுகிறார், அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

சிக்கல் வேறு இடத்தில். பர்மியத்தில் ஒரு எழுத்தின் தலையில் கொடி மாதிரி ஒரு குறி போடுவார்கள், நம் புள்ளி போல. ஆனால் 'ல'வின் தலையில் அதைப் போட்டால் பர்மியர் வாயில் அந்த எழுத்து ஊமையாகிவிடும், எழுதியிருக்கும், ஆனால் ஒலிக்காது. அக்கா 'கால்', 'பால்' எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதுகிறார், ஒலிக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு. 'ழ'வுக்கு எழுத்தே கிடையாது. அதற்கும் 'ள'தான். ர, ற இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறு இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும், வாக்கியத்தை முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

ஒரு தடவை அக்காவின் கதை ஒன்றை, நான் மாற்றி எழுதியதை, வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். போட்டார்கள். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் வந்ததைப் பார்த்தால் 'லபெயே' தேநீர் ஆகியிருந்தது, 'சயாமா' ஆசிரியை ஆகியிருந்தார், மொகிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் ஆகியிருந்தது. அப்பா "சாப்பிடல" என்பது "உணவருந்தவில்லை" என்று இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசித்துக் காட்டி முடித்ததும், "இது யாரு எழுதினது?" என்று மட்டும் கேட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வாசகருக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். மொகிங்கா தெரியாதவர் கதையை வாசித்தால் அது காலையில் சாப்பிடுகிற ஒன்று என்று தானாகப் புரிந்துகொள்வார். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் அத்தோ விற்கிறார்கள், வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள், அகராதி பார்த்தா சாப்பிடுகிறார்கள்? அதற்குப் பிறகு எங்கே அனுப்பினாலும் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று மேலே எழுதித்தான் அனுப்புகிறேன்.

டாலா மாமா இதற்கு நேர் எதிர். அவருக்கு இலக்கணம்தான் உயிர். பான்சோடான் துறையில் படகு ஏறினால் பத்து நிமிஷத்தில் டாலா, ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஜப்பான் கொடுத்த செர்ரி படகுகள் வந்த பிறகு பயணம் சுகமாகிவிட்டது, அதற்கு முன்னால் கூட்டத்தில் நின்றுகொண்டே போவோம். மாமா வாரா வாரம் அந்தப் படகில்தான் வருகிறார். வாலிப வயதில் பான்சோடான் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஒரு யாப்பிலக்கணப் புத்தகம் கிடைத்ததாம், முதல் பதினாறு பக்கம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு தானாகவே வெண்பா கற்றுக்கொண்டார். எழுத்து, அசை எல்லாம் அந்தக் காணாமல் போன பக்கங்களில் இருந்திருக்கிறது. அதனால் நேர், நிரை என்றால் என்ன என்பதைப் பின்னால் இருந்த உதாரணங்களைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, அவராகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் ஆனது என்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு குறள் வெண்பா கொண்டுவந்தார்.

அக்கரை போகும் படகில் அமர்ந்தவன்
இக்கரையைப் பார்க்கும் பொழுது

வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார். நாங்கள் அடுத்த வரிக்குக் காத்திருந்தோம். அவ்வளவுதான் என்றார். "மாமா, வினைமுற்று எங்கே? பொழுது என்ன ஆச்சு?" என்று கேட்டோம். ஒருவர் விடாமல் கேட்டோம், அக்கா உட்பட. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள், அதற்குப் பிறகு கப்பல் கப்பலாக ஜனம் போனது, லட்சக்கணக்கில். கையில் கொண்டுபோக முடிந்தது மிகக் கொஞ்சம். மாமாவின் அப்பாவும் மூத்த அண்ணனும் அதில் போனார்கள். அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த இவரும் பிறகு வருவதாக ஏற்பாடு. அந்தப் 'பிறகு' வரவேயில்லை. "அப்பா கப்பல்ல நின்னு பார்த்திருப்பார்ல, அந்த நேரம். அதுக்கு வினைமுற்று எனக்குக் கிடைக்கல" என்றார்.

யாரும் பேசவில்லை. ஏழு சீரும் தளை தட்டாமல் இருக்கிறதா என்று நான் அன்று ராத்திரி பிரித்துப் பார்த்தேன். தட்டவில்லை. எனக்கு மரபுக் கவிதையில் அவ்வளவு பற்று கிடையாது, பெரும்பாலும் சட்டகத்துக்காகச் சொல்லை அடைப்பது போலத்தான் தெரியும். ஆனால் இது அந்த இரண்டு வரியில்தான் நிற்கும், மூன்றாவது வரி போட்டால் கெட்டுவிடும்.

எங்களுக்குள் வயதில் சின்னவன் ஒரு தம்பி. போன் ரிப்பேர் கடையில் இருந்தான். பர்மியப் போன்களில் பழைய ஸோஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு 2019 அக்டோபரில் நாடே மாறியதே, அந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது போனை மாற்றிக்கொடுத்திருக்கிறான். கை ஓயாமல் மற்றவர்களின் எழுத்தைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் சர்க்குலர் ரயிலில் தன் எழுத்தை எழுதுவான். நகரத்தைச் சுற்றி ஓடும் ரயில் அது, 39 ஸ்டேஷன், முழுச்சுற்று வர மூன்று மணி நேரம் போல ஆகும். கதை நடுவில் நின்றால் இறங்காமல் இன்னொரு சுற்று போவானாம். கீரைக்கட்டோடு ஏறும் அம்மா, பிச்சைப் பாத்திரத்தோடு தூங்கும் சின்னச் சாமியார், எல்லாரும் அவன் கதையில் வருவார்கள். இப்போது மலேசியாவில் இருக்கிறான். ஏன் போனான் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வாய்ஸ் மெசேஜில் வாசித்து அனுப்புகிறான், பின்னணியில் ஏதோ மெஷின் ஓடுகிறது. அவன் உட்காரும் மூலையில் போனை வைத்துப் போடுகிறோம். ரயில் போய்விட்டது, இப்போது அவன் எழுதுவதெல்லாம் எட்டுப் பேர் தூங்கும் ஒரு அறையைப் பற்றி.

மற்ற மூவரைப் பற்றி நீளமாக எழுத அவர்கள் விரும்பவில்லை. ஒருவர் பாட்டு எழுதுகிறார், ஒருவர் பாட்டியின் சமையல் குறிப்புகளைக் கதையோடு சேர்த்து எழுதிவருகிறார், ஒருவர் இதுவரை ஒன்றும் எழுதவில்லை, ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அவரைப் போலக் கேட்பவர் எனக்கு வேறு யாரும் இல்லை. நான் ஒரு வாக்கியத்தைப் பொய்யாக எழுதியிருந்தால் அவர் விசிறியை நிறுத்திவிடுவார்.

எங்களுக்கு வாசிப்பதுதான் வெளியீடு. இந்த ஊரில் ஒரு காலத்தில் தமிழ் அச்சகம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. வெ. சாமிநாத சர்மா இங்கே பத்து வருஷம் இருந்தார், 1937இல் ஆரம்பித்த 'ஜோதி' இதழை ரங்கூனில்தான் நடத்தினார். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு விழ ஆரம்பித்து ஊரே ஓடியபோது, 1942இல் அவரும் மனைவியோடு நடந்தே இந்தியா போனார், அந்த நடையைப் பற்றி எழுதியும் வைத்தார். 1960களின் நடுவில் பத்திரிகை என்றால் பர்மியம் அல்லது ஆங்கிலம் மட்டும் என்று ஆனபோது தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன. இதையெல்லாம் மாமா ஒப்பிப்பார். எனக்கு அதில் ஏக்கம் உண்டுதான். ஆனால் நாங்கள் பிள்ளையாக இருந்து பார்த்தது வேறு ஒன்று. பர்மியர்கள் நடோ மாதப் பிறப்பில், டிசம்பர் வாக்கில், எழுத்தாளர் நாள் கொண்டாடுவார்கள். அதை ஒட்டித் தெருவை அடைத்து மேடை போட்டு, எழுத்தாளர்களைப் பேசக் கூப்பிடுவார்கள். பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பனியில் உட்கார்ந்து பாதி ராத்திரி வரைக்கும் கேட்போம். எழுத்தாளர் என்றால் பேசுபவர், வாசகர் என்றால் பாயோடு வருபவர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாயிலிருந்து வந்தது. ஒருவர் வாசிக்கும்போது குறுக்கே பேசக்கூடாது, முடிந்ததும் உடனே நல்லா இருக்கு என்று சொல்லக்கூடாது, ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு.

ஒரு ஞாயிறு வீட்டில் கூடாமல் ஷ்வேடகோன் பகோடா பக்கத்தில் உள்ள பகதூர் ஷா ஜாபர் தர்காவுக்குப் போனோம். கடைசி முகலாய மன்னர், கவிஞர். 1858இல் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள், 1862 நவம்பரில் இங்கேயே இறந்துபோனார். கல்லறை எங்கே என்று தெரியாமல் புல் மூடிக்கிடந்து, 1991இல் கால்வாய்க்குத் தோண்டும்போது கிடைத்தது. படியிறங்கிக் கீழே போனால் உண்மையான சமாதி. ஊதுபத்தி, ரோஜா இதழ், துணிக்கடியில் குளிர்ந்த கல். சிறையில் அவருக்குப் பேனாவும் காகிதமும் கொடுக்கவில்லை, கரியால் சுவரில் எழுதினார் என்று சொல்வார்கள். மாமா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், அக்கா கேட்டார்: "அப்ப அதை யாரு பார்த்து எழுதி வெச்சாங்க?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். முட்டி வலி என்று சொன்னார்.

தமிழ் எழுத்து கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, மூன்று மாதம் போதும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஞாயிறு காலை வகுப்பில் வந்து பின்னால் உட்கார்ந்தால் போதும். "கடை இருக்கே" என்பார். ஞாயிறுதான் வியாபாரம் அதிகம், உண்மைதான். ஆனால் ஒரு நாள் வேறு மாதிரி சொன்னார். "எழுத்தைத் தேடிக்கிட்டு இருந்தா சொல்லு போயிரும்டி. இது எனக்குத் தூக்கத்துலயும் வரும்." சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது பதினோராவது நோட்டில் இருக்கிறேன். அக்காவின் அம்மா இறந்த அன்று நடந்ததை எழுதியிருக்கிறார். பெட்டியைத் திறக்கிறார்கள், அடியில் ஒரு சேலை, ஊரிலிருந்து வந்தபோது கட்டிவந்தது. அடுத்த வரியை இப்படி மாற்றி எழுதினேன்: "எல்லாம் வெளுத்துப்போச்சு, அந்தக் கரை மட்டும் போகல." எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சேலைக் கரையா, கறையா? அவர் நோட்டில் ர, ற இரண்டும் ஒன்றுதான். சிவப்புக் கரை வெளுக்காமல் இருந்தது என்றாலும் கதை சரியாக இருக்கிறது. முன்னால் நாலு பக்கத்தில் பிரசவம் வருகிறது, அதை வைத்துப் பார்த்தால் கறை என்றாலும் சரியாக இருக்கிறது. இரண்டு கதை.

ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தேன். லைன் கிடைக்க நாலு தடவை ஆனது.

"அக்கா, அம்மா சேலையில போகாதது கரையா, கறையா?"

"அதான் எழுதியிருக்கேனே, கரைன்னு."

"சேலை ஓரத்துல வர்றதா, ஏதாச்சும் பட்டு ஒட்டிக்கிட்டதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பின்னால் எங்கேயோ ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ஞாயித்துக்கிழமை வாசி. நான் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த ஒரு எழுத்துக்கு இடம் விட்டு, பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.